டிவிக்கு நம்மளத் தெரியாது

வாழைக்கு மண் அணைக்கிறது, வாய்க்கால் வெட்டுறதுன்னு வேலை நெருக்கிட்டதால ஒரு மாசமா இந்தப் பக்கமே வர முடியல. இந்த வாட்டி வெள்ளாமையப் பத்தி எழுதல. எங்க ஊரு மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னாடி நடந்த ஒரு வழக்கைப் பத்தி எழுதறேன். டவுன்ல இருக்கிற உங்களுக்கும் இதுல ஒரு சம்பந்தம் இருக்கு.

எங்க ஊரு ஜீயபுரத்துக்குப் பக்கம். உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனம். வைகாசியில காப்புக் கட்டுவோம். கடைசி நாள் ராத்திரி விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். எங்க அய்யா சின்னப் புள்ளையா இருந்த காலத்துலேர்ந்து நடக்குது. இந்த வருஷம் தலைக்கட்டு வரி பேசக் கூடுன கூட்டத்துல, நாடகத்தை நிறுத்திடலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு. பேச்சை எடுத்தது வேற யாருமில்ல, என் மச்சான் மகன்தான். நல்ல பையன், டிராக்டர் வச்சு ஓட்டுறான்.

"மாமா, பன்னெண்டு மணிக்கு மேல பாத்தா மேடையில பத்துப் பேரு, கீழ முப்பது பேரு. அதுல பாதிப் பேரு தூங்குறாங்க. வள்ளி திருமணம் யூடியூப்ல எத்தனையோ கெடக்கு. வேணுங்கறவங்க வீட்டு டிவியில போட்டுப் படுத்துக்கிட்டே பாத்துக்கலாமே. அந்தக் காசுல பெரிய எல்.இ.டி. திரை கட்டி நல்ல படமா ரெண்டு போடுவோம்"னு சொன்னான். நாலஞ்சு பேரு தலையாட்டுனாங்க. அவன் சொன்ன கணக்குல பொய் இல்ல. போன வருஷம் நானே எண்ணிப் பாத்தேன், முப்பது பேருக்கு மேல இல்ல.

அன்னைக்கு நான் சொன்னதையும், சொல்ல நெனச்சு வாயில வராமப் போனதையும் சேத்து இங்க எழுதறேன்.

மொதல்ல டிவிக்கு உண்டான மரியாதையக் குடுத்துடறேன். அம்மாவுக்கு வயசு எண்பதத் தாண்டிடுச்சு. இடுப்பு போயி நாலு வருஷமாச்சு, வாசல் திண்ணை வரைக்கும்தான் நடமாட்டம். மார்கழியில ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் தொறக்கறத டிவியில நேரடியாக் காட்டறாங்கல்ல, இருட்டோட எந்திரிச்சுக் குளிச்சுட்டு, கைய கூப்பிக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்துடும். "முன்ன நேர்ல போனப்பல்லாம் கூட்டத்துல பெருமாளோட கொண்டைதான்டா தெரிஞ்சுச்சு. இப்பதான் திருமுகத்தையே பாக்கறேன்"னு சொல்லும். போக முடியாதவங்களுக்கு டிவி பெரிய உபகாரம். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

எங்க ஊருக்கு டிவி வந்த புதுசுல அதுவும் ஒரு திருவிழாதான். 1987, 88-ல ஞாயித்துக்கிழமை காலையில தூர்தர்ஷன்ல ராமாயணம் போடுவாங்க. ஒரு எழுத்து இந்தி தெரியாத ஜனம், பஞ்சாயத்து டிவி முன்னாடி மண் தரையில உக்காந்து பாத்துச்சு. யாராவது ஒருத்தர் கதையைத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவார். 1993-ல சன் டிவி வந்துச்சு. 2006-லேர்ந்து அரசாங்கம் இலவசக் கலர் டிவி குடுத்துச்சு. வீட்டுக்கு வீடு வந்ததும் பஞ்சாயத்து டிவி ரூமுக்குப் பூட்டு விழுந்துச்சு. இப்ப எங்க வீட்ல கூடத்துல ஒண்ணு, ஆளாளுக்குக் கையில ஒண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு எங்க தெருவுல நடந்து போனீங்கன்னா, ஒரே சீரியல் சத்தம் வீடு மாத்தி வீடு உங்க கூடவே வரும். திண்ணையில மட்டும் ஆள் இருக்காது.

சினிமா இதுல நடுவுல நிக்குது. சினிமாவுக்கும் நம்ம திருச்சிக்கும் பழைய தொடுப்பு உண்டு. திருச்சியில ரயில்வேயில வேலை பாத்த சாமிக்கண்ணு வின்சென்ட்டுங்கறவர், 1905-ல டுபாண்ட்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்டேர்ந்து படம் காட்டுற மெஷினையும் படச்சுருளையும் வெலைக்கு வாங்குனார். வேலைய விட்டுட்டு ஊர் ஊராப் போயி கூடாரம் அடிச்சுப் படம் காட்டுனார். பின்னால 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால்னு தியேட்டரே கட்டுனார். தென்னாட்டுல டென்ட் கொட்டாய் நடக்க ஆரம்பிச்சது நம்ம ஊர்லேர்ந்துதான்னு சொல்லலாம்.

நான் படம் பாத்துப் பழகுனதும் டென்ட் கொட்டாயிலதான். சாயங்காலம் குழாயில சாமி பாட்டு போட்டாங்கன்னா, வயக்காட்டுல இருக்கிறவங்களுக்கு அதுதான் மணி. பாட்டு முடியறதுக்குள்ள கை கால் கழுவிட்டு ஓடணும். தரை டிக்கெட்டு மணல்லதான். முன்னாடி உக்காந்திருக்கிறவர் தலை மறைச்சா மணலைக் குமிச்சு மேடு கட்டி அதுமேல ஏறி உக்காந்துக்குவோம். ஒத்த மெஷினுங்கறதால சுருள் மாத்துறப்பல்லாம் இடைவேளை. முறுக்கு, சுக்காப்பி. திரிசூலம் படத்துல மூணு சிவாஜி. வெளியில 1979-ல வந்த படம் எங்க கொட்டாய்க்கு ஆடி அசைஞ்சுதான் வந்துச்சு. எங்க அப்பாயி பக்கத்துல உக்காந்துக்கிட்டு மூணு பேருக்கும் சேத்து அழுதுச்சு.

வயசு வந்த பொறவு திருச்சி தியேட்டருங்க. காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏத்திக்கிட்டுப் போயி, கணக்கு முடிச்சு, கையில காசு நின்னா கெயிட்டிக்கோ வெலிங்டனுக்கோ ஒரு நடை. கல்யாணமான புதுசுல வீட்டுக்காரம்மாவக் கூட்டிக்கிட்டு சோனா மீனா, மாரிஸ்னு போனதும் உண்டு. கடைசி பஸ்ஸ விட்டுட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விடியற வரைக்கும் உக்காந்திருந்ததும் உண்டு. அந்தப் படத்தோட கதை ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டுல குடிச்ச டீ மறக்கல.

தியேட்டர்ல என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. திரையில இருக்கிறவருக்கு நாம சிரிச்சது தெரியாது. ஆனா பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும். முன்னப் பின்ன தெரியாத ஐந்நூறு பேரு ஒரே நேரத்துல சிரிக்கிறப்ப, நமக்குச் சிரிப்பு ரெண்டு பங்கா வருது. அதே காமெடிய வீட்ல ஒத்தையா உக்காந்து பாத்தா, வாய் லேசா அசையறதோட சரி. நடுவுல காஸ்காரர் வருவாரு, போன் வரும், குக்கர் விசிலடிக்கும். படமும் நம்மளத் தேடாது, நாமளும் படத்தைத் தேட மாட்டோம்.

நாடகம் இன்னும் ஒரு படி மேல. அங்க மேடையில நிக்கிறவருக்கே நாம வந்திருக்கிறது தெரியும்.

எங்க அய்யா திருச்சி தேவர் ஹால்ல எம்.ஆர். ராதா நாடகம் பாத்தவர். ரத்தக்கண்ணீர் 1954-ல படமா வந்துச்சு. நாம எல்லாரும் டிவியில பத்து வாட்டி பாத்திருப்போம், வசனம் மாறவே மாறாது. ஆனா ராதா அதையே மேடையில போடறப்ப, அன்னைக்குப் பேப்பர்ல வந்த சேதிய அன்னைக்கு ராத்திரியே உள்ள நுழைச்சுடுவாராம். கீழேர்ந்து எவனாவது சத்தம் குடுத்தா, கதையிலேர்ந்தே அவனுக்குப் பதில் வருமாம். அதனால நேத்துப் பாத்தவங்க இன்னைக்கும் போவாங்கன்னு அய்யா சொல்லுவார்.

நம்ம பக்கத்து வள்ளி திருமணமும் அப்படித்தான். இதை ஸ்பெஷல் நாடகம்னு சொல்லுவாங்க. 1922-ல மறைஞ்ச சங்கரதாஸ் சுவாமிகள் வழியில வந்தது. டவுன்காரங்க நெறையப் பேருக்கு இது தெரியாது, அதனால சொல்றேன். இதுக்குன்னு ஒரே கம்பெனி கெடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, நாரதர் இன்னொரு ஊரு. புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல், காரைக்குடி பக்கமெல்லாம் இருந்து தனித்தனியா பஸ் ஏறி வருவாங்க. ஒத்திகைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. சாயங்காலம் வந்து, சாப்பிட்டு, ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லிட்டு அரிதாரம் பூச உக்காருவாங்க. ஆர்மோனியக்காரர் சுருதி புடிச்சா நாடகம் ஆரம்பிச்சுடும். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது. நடுவுல பேசற பேச்செல்லாம் அன்னைக்கு அங்கேயே முளைக்கிறது. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம், ஆளைப் பொறுத்து அரை மணியும் ஆகும், ரெண்டு மணி நேரமும் ஆகும்.

பபூன் வேஷக்காரர் பகல்லயே வந்துட்டா எங்க டீக்கடையில உக்காந்து பேச்சுக் குடுப்பார். "அண்ணே, இங்க பூவன் தார் என்ன வெலை போவுது? மேட்டூர் இந்த வருஷம் ஜூன் 12-ல தொறந்துருவாங்களா?"னு விசாரிப்பார். ராத்திரி அதெல்லாம் மேடைக்கு வந்துடும். இந்த வருஷம், கூட ஆடுற பொண்ணுகிட்ட "உனக்கு நாலு தார் பூவன் வாங்கித் தர்றேன், என்னைக் கட்டிக்க"ன்னு கெஞ்சுனார். அந்தப் பொண்ணு, "வெலை விழுந்து கெடக்குன்னு தெரிஞ்சுதானே நாலு தார்ங்கற, போன வருஷம் வெலை ஏறுனப்ப ஒரு சீப்பாவது குடுத்தியா?"ன்னு கேட்டுச்சு. சந்தையில நொந்துபோயி வந்த எங்க ஆளுங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. யூடியூப்ல இருக்கிற எந்த வள்ளி திருமணத்துக்கும் எங்க ஊரு வாழைத்தார் வெலை தெரியாது.

ஸ்ரீரங்கத்துல வேடுபறின்னு ஒண்ணு நடக்கும், பாத்திருக்கீங்களா? சொர்க்கவாசல் தொறந்த பொறவு வர்ற இராப்பத்துல எட்டாம் நாள். நம்பெருமாள் தங்கக் குதிரையில மணல்வெளிக்கு வருவார். குதிரை முன்னும் பின்னுமா ஓடி வையாளி காட்டும். கள்ளனா இருந்த திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறிச்சுக் கொள்ளையடிச்சு, கடைசியில மந்திரம் வாங்கிக்கிட்டு ஆழ்வாரா ஆகற கதைய நடிச்சுக் காட்டுவாங்க. அதுவும் நாடகம்தான், நாடகம்னு பேரு மட்டும் கெடையாது. ஜனத்தை ஒட்டித்தான் குதிரை ஓடும். ஓடி வர்றப்ப கூட்டமே அலை மாதிரி பின்னால நகரும், உங்களையும் சேத்து நகத்தும். டிவியில குதிரை நல்லாத் தெரியும். நகர்றதுதான் நடக்காது.

கூட்டத்துல இவ்வளவும் என்னால பேச முடியல. "புள்ளைங்களுக்காவது இது வேணும்டா"ன்னு மட்டும் சொன்னேன். சிவாஜி கதையச் சொன்னேன். சிவாஜி சின்னப் புள்ளையில இருந்தது நம்ம திருச்சி சங்கிலியாண்டபுரம். அங்க கம்பளத்தார் கூத்துல கட்டபொம்மன் கதைய அப்பாரோட போயிப் பாத்துத்தான் நடிக்கணும்னு வெறி வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். 1959-ல அவரே கட்டபொம்மனா வந்து நின்னார். கூத்துக் கொட்டகையில கண் முழிச்ச ஒரு பையன்கிட்டேர்ந்து வந்தது அது. கூட்டத்துல ஒரு பெரியவர், "சரி, இந்த ஒரு வருஷம் பாப்போம். அம்பது பேருகூட உக்காரலைன்னா அடுத்த வருஷம் திரையே கட்டிக்கலாம்"னு முடிச்சார். அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல.

திருவிழா ராத்திரி பத்தரைக்கு நாடகம் ஆரம்பிச்சுச்சு. பபூன் காமெடி வரைக்கும் நல்ல கூட்டம். பன்னெண்டு மணிக்கு ஒவ்வொரு பாயா சுருட்ட ஆரம்பிச்சாங்க. எனக்கு வயித்துல புளி கரைச்சுச்சு. வள்ளி பரண்மேல ஏறி தினைப்புனம் காக்கிற கட்டம் வந்தப்ப, எண்ணிப் பாத்தேன், நாப்பது பேரு இருப்பாங்க.

நாடகத்துலயே எங்க ஆளுங்களுக்குப் புடிச்ச கட்டம் அதுதான். சாமி கதையா இருந்தாலும் வள்ளி நம்மள மாதிரி வெள்ளாமை காக்கிறவதானே. கவண் எப்படிப் புடிக்கறா, ஆலோலம்னு எப்படிக் கூவுறாங்கறதப் பாத்து மார்க் போடுவாங்க. அந்த நேரத்துல வேடன் வேஷத்துல முருகன் உள்ள வந்தார். அப்பத்தான் எங்க பங்காளி ஒருத்தர் பாயிலேர்ந்து எந்திரிச்சு நின்னு, "முருகா, உன் மயிலைக் கொஞ்சம் புடிச்சுக் கட்டுப்பா! நெல்லு பூராத்தையும் தின்னுட்டுப் போவுது!"ன்னு கத்துனார். எங்க பக்கம் மயில் தொல்லை எப்படின்னு உங்களுக்கு முன்னாடியே எழுதியிருக்கேன். வெரட்டலாமே தவிர கை வைக்கக் கூடாது, சட்டம் இருக்கு.

ராஜபார்ட் ஒரு நொடிகூட யோசிக்கல. வில்லைக் கீழ வச்சுட்டு, கைய கட்டிக்கிட்டு, "ஐயா, நானே உங்க ஊருக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். மாமனார் வீட்டு ஜனம் இப்பவே வழக்கு வச்சா எப்படி? கல்யாணம் முடியட்டும், மயில் தின்ன நெல்லுக்கு மாப்பிள்ளைச் சீர்ல கழிச்சுக்கலாம்"னார். வள்ளி பரண்மேலேர்ந்து, "இவரு மயில்காரர்னு எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சே! எடுங்கடி கவணை!"ன்னுச்சு. சிரிப்புச் சத்தம் கேட்டு, சுருட்டுன பாயோட போயிக்கிட்டிருந்தவங்க திரும்பி வந்தாங்க.

ரெண்டு மணி வாக்குல கரண்ட் போச்சு. ஜெனரேட்டருக்குச் சொல்லி வச்சிருந்த ஆளு வீட்டுக்குப் போயித் தூங்கிட்டார், போனும் எடுக்கல. மைக் இல்ல, லைட் இல்ல. தெருவுல அங்கங்க கேட்டுக்கிட்டிருந்த டிவி சத்தமும் மொத்தமா நின்னுபோச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன்.

ஆர்மோனியக்காரர் நிறுத்தல. அதுக்கு எதுக்குக் கரண்ட்? மிருதங்கமும் கூடவே போச்சு. ஸ்திரீபார்ட் இருட்டுல நின்னுக்கிட்டே குரலை ஒரு கட்டை ஏத்திப் பாடுச்சு. கொஞ்ச நேரத்துல டர்ருன்னு ஒரு சத்தம். என் மச்சான் மகன் டிராக்டரை ஓட்டிக்கிட்டு வந்து, மேடைக்கு நேரா நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டான். எஞ்சின் சத்தத்துல பாட்டு கேக்கலைன்னு கிழவிங்க திட்டவும், எஞ்சினை அமத்திட்டு பேட்டரியிலயே லைட்டை எரியவிட்டான். பின்னால இருந்தவங்க பாயை இழுத்துக்கிட்டு முன்னால வந்தாங்க. பொடிசுங்க மேடை விளிம்புலயே தாடைய வச்சுக்கிட்டு நின்னுச்சுங்க. முக்கா மணி நேரம் கழிச்சுக் கரண்ட் வந்து மைக் உறுமுனப்ப, ஒரு பாட்டி "அதை அமத்துங்கடா"ன்னு சத்தம் போட்டுச்சு.

விடியறப்ப வள்ளிக்கும் முருகனுக்கும் மாலை மாத்துனாங்க. நான் எண்ணல. பெரியவர்தான் எண்ணியிருக்கார், எழுபத்தெட்டுன்னார். அடுத்த வருஷத்துக்கும் நாடகம்னு இப்போதைக்கு முடிவு. ஆனா சிலபேரு இன்னும் திரைதான் வேணுங்கறாங்க, அதையும் சொல்லிடணும். அவங்க ஆசையும் தப்பில்ல. ஒரு நாள் திரை, ஒரு நாள் நாடகம்னு வச்சுக்கலாம்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன். தெருவோட சேந்து பாத்தா திரையும் நல்லதுதான்.

மறுநாள் கலைஞர்களை பஸ் ஏத்திவிடப் போனேன். அந்த ஸ்திரீபார்ட் அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயி பேச்சே வரல. அன்னைக்கு ராத்திரியே புதுக்கோட்டைப் பக்கம் இன்னொரு ஊர்ல நாடகம் இருக்குன்னு சைகையில சொல்லிச்சு. வீட்ல காச்சுன கஷாயத்தை ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுத்தா வீட்டுக்காரம்மா. இவங்களுக்கு வருஷத்துல சில மாசந்தான் சீசன். ஒரு ஊரு நாடகத்தை நிறுத்துனா, அவங்களுக்கு ஒரு ராத்திரி கூலி போச்சு. பத்து ஊரு நிறுத்துனா அந்த வேஷமே போச்சு. டிவியில பதிஞ்சு வச்ச நாடகம் இருக்கும். பதில் சொல்ற ஆளு இருக்க மாட்டாங்க.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். மாசியிலேர்ந்து ஆடி வரைக்கும் திருச்சி, புதுக்கோட்டை, மணப்பாறைப் பக்கம் ராத்திரியில கார்ல போனீங்கன்னா, ரோட்டோரம் சீரியல் லைட்டு எரிஞ்சு, ஆர்மோனியச் சத்தம் கேட்டா வண்டிய ஓரங்கட்டுங்க. யாரு, எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. டிக்கெட்டும் கெடையாது. புள்ளைங்களையும் எழுப்பி எறக்குங்க. தூக்கம் வந்தா அங்கேயே படுக்க வைங்க, பாய் நாங்க தர்றோம். மேடையில இருக்கிறவங்க உங்களைப் பாத்துட்டாங்கன்னா மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க. "கார்ல வந்த மாப்பிள்ளை"ன்னு பபூன் உங்களையும் கதைக்குள்ள இழுத்துடுவார்.